எவர்சில்வர் அண்டாவில் கொட்டிய ஆராய்ச்சி

தொப்பைக்கு வந்த மரியாதை

முதல் நாளே இஞ்ச் டேப் அறுந்தது. வருஷக்கணக்கில் ரத்தம் எடுத்த கை என்னுடையது. ஊசி உடைந்ததில்லை, டியூப் உடைந்ததில்லை. ஒரு மனிதரின் இடுப்பை அளக்கப்போய் டேப் அறுந்தது அன்றுதான்.

சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் டாக்டர் ஜெயசீலனின் கிளினிக் இருந்தது. நான் அங்கே லேப் டெக்னீஷியன். இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு மூலிகை மருந்து கம்பெனி டாக்டரைத் தேடிவந்து ஓர் ஆராய்ச்சியை ஒப்படைத்தது. கிளினிக்கல் ட்ரயல் என்று அதற்குப் பெயர். டாக்டருக்கு 'இன்வெஸ்டிகேட்டர்' பட்டம் கிடைத்தது. சம்சுன்னிசா ஆகிய நான் ஒரே ராத்திரியில் 'ஸ்டடி கோஆர்டினேட்டர்' ஆனேன். கழுத்தில் புது ஐடி கார்டு தொங்கியது. சம்பளம் மட்டும் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

விஷயம் இதுதான். மஞ்சளிலிருந்தும் நெல்லிக்காயிலிருந்தும் சத்தைப் பிரித்து காப்ஸ்யூலில் அடைத்திருந்தார்கள். அதைச் சாப்பிட்டால் மெட்டபாலிக் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு இன்ஃபிளமேஷன், அதாவது உள் அழற்சி, குறைகிறதா என்று பார்க்க வேண்டும். மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்பது ஒரு நோய் இல்லை, ஒரு கூட்டணி. இடுப்புச் சுற்றளவு, பிரஷர், சர்க்கரை, ட்ரைகிளிசரைடு நான்கும் ஏறிக்கிடப்பது, நல்ல கொழுப்பு இறங்கிக்கிடப்பது, ஆக ஐந்து. இதில் ஏதாவது மூன்று இருந்தால் நீங்கள் கூட்டணியில் சேர்த்தி. இப்படிப்பட்ட உடம்புக்குள் அடுப்பு எப்போதும் சிம்மில் எரிந்துகொண்டிருக்கும், வெளியே தெரியாது என்பார் டாக்டர். அந்த எரிச்சல் எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனைக்கு சி.ஆர்.பி. என்று பெயர்.

ஆள் பிடிப்பதில் எங்களுக்குக் கஷ்டமே இருக்கவில்லை. செம்பாக்கம் ஏரியை ஒட்டி ஒரு காலனி. அதன் அசோசியேஷன் செகரட்டரி வரதராஜன் சார், ரெவின்யூ டிபார்ட்மென்ட்டில் ரிட்டயர் ஆனவர். டாக்டரின் பழைய பேஷன்ட். "எத்தனை பேர் வேணும் சார்? எங்க வாக்கிங் கிளப்பையே கூட்டிட்டு வரேன்" என்றார். சொன்னபடியே கூட்டிவந்தார். அந்தக் காலனியில் தினமும் காலையில் ஏரிக்கரையில் நடப்பார்கள். நடந்து முடித்ததும் கேம்ப் ரோடு வந்து போண்டா சாப்பிடுவார்கள். எங்கள் ஆராய்ச்சிக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி ஆட்கள்.

ஆண்களுக்கு இடுப்பு தொண்ணூறு சென்டிமீட்டரைத் தாண்டியிருக்க வேண்டும். ஆனால் டேப்பைக் கண்டால் தொப்பையை எக்குவது ஆண் பிள்ளைகளின் பிறவிப் பழக்கம். முதலில் வந்த இரண்டு மூன்று பேர் அப்படி எக்கி, அளவு குறைந்து வெளியே போனார்கள். இலவச ரத்த டெஸ்ட், இலவச ஈ.சி.ஜி., வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்ததும் கீழே பேக்கரியிலிருந்து டீயும் பட்டர் பிஸ்கட்டும். இதெல்லாம் போச்சே என்று வெளியே பெஞ்சில் ஒரே புலம்பல். அடுத்து வந்தவர் விஷயம் தெரிந்தவர். குழாயடியில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்து, மூச்சையும் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"சார், மூச்சை விடுங்க. அளக்கணும்."

"விட்டா குறைஞ்சிடும் மேடம். இப்படியே எழுதிக்குங்க."

இதைச் சொல்லும்போதே மூச்சு முட்டி இருமினார். டேப் அறுந்தது. புது டேப் வாங்கி வந்து அளந்தால், அவர் ஒன்றுமே செய்யாமல் சும்மா நின்றிருந்தாலும் தேறியிருப்பார்.

பாதிப் பேருக்கு மாவு

சேர்ந்தவர்கள் எல்லோரையும் உட்கார வைத்து டாக்டர் விளக்கினார். சட்டப்படி விளக்க வேண்டும், புரிந்தது என்று கையெழுத்து வாங்க வேண்டும்.

"பாதிப் பேருக்கு மருந்து இருக்கும். பாதிப் பேருக்கு வெறும் மாவு. பார்க்க ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்" என்றார்.

வரதராஜன் சார் எழுந்தார். "யாருக்கு சார் மாவு?"

"தெரியாது."

"உங்களுக்கே தெரியாதா?"

"எனக்கும் தெரியக் கூடாது, சம்சுவுக்கும் தெரியக் கூடாது. அதான் டபுள் பிளைண்ட். விவரமெல்லாம் கம்பெனியில சீல் வெச்சு இருக்கு."

"சார், நான் ரெவின்யூல முப்பது வருஷம் குப்பை கொட்டினவன். யாருக்குப் போவும்னு யாருக்குமே தெரியாம ஒரு ஸ்கீம்கூட நடந்து நான் பார்த்ததில்லை."

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். கையெழுத்துப் போட்டு பாட்டில்களை வாங்கிக்கொண்டு போனார்கள். படியிறங்கும்போதே பாட்டிலை ஆட்டிப் பார்த்து, "இதுல சத்தம் கம்மியா இருக்கு, மாவுதான்" என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை.

அதே வாரம் கன்னியம்மா வந்தாள். அந்தக் காலனித் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவள். வேலையை விட்டுவிட்டு, முகம் கழுவிப் பூ வைத்து, பட்டினியாக வந்திருந்தாள். டாக்டர் அவளுடைய மாத்திரை அட்டையைப் பார்த்தார். சில வருஷங்களுக்கு முன் ஜி.எச்.சில் அவளுக்கு இதய வால்வு மாற்றியிருந்தார்கள். வால்வில் ரத்தம் உறையாமலிருக்க, ரத்தத்தை இளக்கும் மாத்திரை தினமும் சாப்பிட வேண்டும். அப்படிப்பட்டவர்களை ட்ரயலில் சேர்க்கக் கூடாது. மஞ்சள் சத்து சேர்ந்தால் ரத்தம் இன்னும் இளகிவிடலாம் என்ற பயம். ட்ரயலின் விதிப்புத்தகமான புரோட்டகாலில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

பின்னால் வரிசை நின்றது. டாக்டர் நிமிராமலே, "இது உனக்குக் கிடையாதும்மா. போயிட்டு வா" என்றார்.

"ஏன் சார்?"

"கம்பெனி ரூல்."

காலனிக்காரர்கள் எல்லோரும் 'நீங்க'. அவள் மட்டும் 'நீ'. அடுத்தவர் கையில் ரப்பர் கட்டிக்கொண்டிருந்த நான், "டீ குடிச்சுட்டுப் போங்க" என்றேன். பிஸ்கட் தட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நீங்களே துன்னுங்க" என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

எல்லோரும் ஒரே மாதிரி மறந்தார்கள்

மாதம் முடிந்ததும் பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். மிச்சமிருக்கும் காப்ஸ்யூலை எண்ணி, எத்தனை வேளை விழுங்கியிருக்கிறார்கள் என்று கணக்குப் பார்ப்போம். இதைச் சரிபார்க்கக் கம்பெனியிலிருந்து சந்தீப் என்று ஒரு பையன் வருவான். அவனுக்கு 'மானிட்டர்' என்று பெயர். எந்தத் தப்பையும் கண்டுபிடிப்பதற்காகவே வளர்க்கப்பட்ட பையன்.

எல்லா பாட்டிலிலும் மூன்று காப்ஸ்யூல் மிச்சம் இருந்தது. ஒன்றில்கூட நாலு இல்லை, ரெண்டு இல்லை.

"எக்ஸலண்ட் கம்ப்ளையன்ஸ் மேடம்! நான் பார்த்த சைட்லயே உங்க சைட்தான் பெஸ்ட்" என்று சந்தீப் கை கொடுத்தான்.

என் வீட்டில் நாலு பேர். நாலு பேரும் ஒரு மாத்திரையை ஒரே நாளில் மறந்ததாகச் சரித்திரம் கிடையாது. ஒரு காலனியே சேர்ந்து எப்படி ஒரே கணக்கில் மறக்கும்? டாக்டரிடம் சொன்னேன். "ஒழுங்கா சாப்பிட்டாலும் உனக்குச் சந்தேகம்தானா சம்சு?" என்றார். மாமியாரிடம்கூட நான் இப்படி ஒரு பேச்சு வாங்கியதில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

"நல்லா வேல செய்து நர்சம்மா"

இன்னொரு மாதம் போயிருக்கும். காலனியில் ஒருவருக்குக் கால் சுளுக்கு, கிளினிக்குக்கு வர முடியவில்லை. வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்துவிட்டு மொபெட்டில் திரும்பினேன். தெருமுனையில் கன்னியம்மா கைதட்டிக் கூப்பிட்டாள். நான் நர்ஸ் இல்லை என்று பல தடவை சொல்லியும் அவளுக்கு நான் நர்சம்மாதான்.

"இன்னா நர்சம்மா, பாக்காத மாரி போற? எங்களையெல்லாம் சேக்க மாட்டேன்னீங்க. இப்ப இன்னா ஆச்சு பாத்தியா?"

சிரித்தாள். பல்லெல்லாம் சிவப்பு.

"வெத்தலை போட்டிருக்கீங்களா?"

"வெத்தலயும் இல்ல, பாக்கும் இல்ல. நாலு நாளா ஈறுல ரத்தம் வந்துகினு கீது. நல்லதுதான்."

"நல்லதா?"

"ரத்தம் நெறைய ஊறிக்கிச்சு நர்சம்மா. உள்ள எடம் பத்தல, வெளிய வழியுது. மாத்திர நல்லா வேல செய்து."

புடவைத் தலைப்பை விலக்கி முழங்கையைக் காட்டினாள். நாவல்பழ நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு. எங்கேயும் இடித்துக்கொள்ளவில்லையாம். அதுவும் ரத்தம் ஊறியதற்கு அடையாளமாம்.

"எந்த மாத்திரை?" என்று கேட்டேன்.

"உங்க மாத்திரதான். செகரட்டரி அய்யா டெய்லி காலைல ஏரிக்கரைல குடுக்கறாரு. நீங்க போன்னு சொன்னீங்க. அவுரு வான்னு கூப்ட்டு குடுத்தாரு. மன்சன்."

"ஹார்ட்டுக்குச் சாப்பிடுற மாத்திரை?"

"அத்த வுடுவனா? அதுவும் துன்றேன், இதுவும் துன்றேன். தல மட்டும் ரெண்டு நாளா வலிக்குது."

ரத்தம் அளவுக்கு மீறி இளகினால் ஈறில் கசிவது போலவே மூளைக்குள்ளும் கசியும். அப்படி ஒருவரை நான் ஸ்ட்ரெச்சரில் பார்த்திருக்கிறேன்.

"வண்டியை மூடுங்க. உடனே என்கூட வாங்க."

"இன்னா வெளையாடறியா? இப்பதான் கரி போட்டேன். கரி இன்னா வெல விக்குது தெரியுமா? நாப்பது துணி கீது. மத்தியானமா வரேன் போ."

கெஞ்சினேன். திட்டினேன். அவள் பாட்டுக்கு ஒரு சட்டைக் காலரைத் தேய்க்க ஆரம்பித்தாள். என் கோபம் பொல்லாதது. துணிக்குத் தெளிக்க வைத்திருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்தேன், இஸ்திரிப் பெட்டியின் மூடியைத் திறந்தேன், முழுச் சொம்பையும் கனல் மேல் ஊற்றினேன். புஸ்ஸென்று எழுந்த ஆவியில் தெருவே எட்டிப் பார்த்தது. அடுத்தவள் பிழைப்பில் நான் தண்ணீர் ஊற்றியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

"அய்யய்யோ! பேஜாரு புடிச்ச பொம்பள! என் கரிய அவிச்சுட்டாளே!" என்று கன்னியம்மா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. வரதராஜன் சார் பனியனோடு வெளியே வந்தார்.

தண்ணி லாரி நியாயம்

"சார், கன்னியம்மாவுக்கு யாரோட பாட்டில்ல இருந்து மாத்திரை கொடுத்தீங்க?" என்று கேட்டேன். எந்த பாட்டில் என்று தெரிந்தால் கம்பெனியில் கேட்டு மருந்தா மாவா என்று தெரிந்துகொள்ளலாம். ஆபத்துக்கு அந்த வழி உண்டு.

"பாட்டிலா? பாட்டில் சிஸ்டத்தை நாங்க அப்பவே எடுத்துட்டோமே மேடம்" என்றார் பெருமையாக. உள்ளே போய், இரண்டு கையாலும் ஓர் எவர்சில்வர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். அண்டாவில் பாதிக்குக் காப்ஸ்யூல். மேலே ஒரு கரண்டி.

நான் திகைத்துப்போனேன். அவர் நிதானமாக விளக்கினார். ஏரி வற்றி, போர்வெல் காய்ந்த வருஷத்தில் காலனிக்குத் தண்ணி லாரி வரும். முதல் நாள் லாரி நின்ற வீட்டுக்காரர்கள் டிரம் டிரம்மாகப் பிடித்துக்கொள்ள, கடைசி வீட்டுக்குச் சொட்டுகூட வரவில்லை. அடிதடி ஆனது. அதற்கப்புறம் அசோசியேஷன் ஒரு விதி போட்டது. வருவதை முதலில் பொதுத் தொட்டியில் கொட்ட வேண்டும், பிறகு தலைக்கு இத்தனை குடம் என்று பிரிக்க வேண்டும். அன்றிலிருந்து காலனிக்குள் எது வந்தாலும் அதே விதி. தீபாவளி ஸ்வீட், ரேஷன் மண்ணெண்ணெய், நகராட்சி கொடுத்த கொசு மருந்து, எல்லாம் பொதுவில் கொட்டிப் பிரித்ததுதான்.

"பாதிப் பேருக்கு மாவுன்னு டாக்டரே சொல்லிட்டார். ஒருத்தன் மருந்து சாப்பிட, பக்கத்து வீட்டுக்காரன் மாவு தின்னுட்டு உட்காந்திருந்தா நாளைக்கு மூஞ்சில முழிக்க முடியுமா மேடம்? எல்லாத்தையும் கொட்டி நல்லாக் கலக்கிட்டோம். இன்னிக்கு மருந்து வந்தா நாளைக்கு மாவு வரும். யாருக்கும் நஷ்டம் இல்ல."

"மாசக் கடைசியில மூணு மூணு மிச்சம் இருந்ததே?"

"அண்டாவுல மீந்ததை சமமாப் பிரிச்சு பாட்டில்ல போட்டோம். கணக்கு சரியா இருந்துதா இல்லையா?"

"கன்னியம்மாவுக்கு ஏன் சார்?"

"அவ வண்டி நம்ம தெருவுலதான நிக்குது. லாரித் தண்ணியிலயே அவளுக்கு ரெண்டு குடம் உண்டு. இதுல மட்டும் இல்லன்னா எப்படி?"

தினமும் காலையில் வாக்கிங் முடிந்ததும் ஏரிக்கரையில் வரிசையாக நின்று, வலது கையைக் குவித்து வாங்கிக்கொள்வார்களாம். ஒருவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு விழுங்குவாராம். இத்தனையும் கேட்டுக்கொண்டு நின்ற எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கம்பெனி எத்தனையோ தப்புகளுக்குப் படிவம் வைத்திருந்தது. நியாயம் என்று ஒரு தப்பு உண்டு என்று அவர்களுக்குத் தெரியாது.

"சார், அவங்களுக்கு இது விஷமா இருக்கலாம்" என்று சொல்லி, காரணத்தையும் சொன்னேன். பனியனோடேயே ஆட்டோவைக் கூப்பிட்டார். நடுவில் கன்னியம்மா, ஒரு பக்கம் நான், மறுபக்கம் மடியில் அண்டாவோடு அவர். "அண்டா எதுக்கு சார்?" என்றேன். "எவிடென்ஸ்" என்றார்.

கம்பெனிக்கு ஒரு போன்

ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது ஐ.என்.ஆர். டெஸ்ட். கன்னியம்மாவின் கையில் ரத்தம் எடுத்துவிட்டு ஊசி குத்திய இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடித்தேன். சாதாரணமாக இரண்டு நிமிஷத்தில் நிற்பது நிற்கவே இல்லை. ஒரு கையால் பஞ்சை அழுத்திக்கொண்டே, மறு கையால் ரத்தத்தை டெஸ்ட் மெஷினில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அந்த நேரத்தில் டாக்டர் கம்பெனிக்கு போன் போட்டார். பேச்சு இங்கிலீஷில் நடந்தது. சாராம்சம் இது.

கம்பெனி டாக்டர் ஆள் நம்பரைக் கேட்டார். ஆளுக்கு நம்பர் இல்லை, அவள் ட்ரயலில் இல்லை என்றார் எங்கள் டாக்டர். ட்ரயலில் இல்லாதவளுக்கு மருந்து எப்படிக் கிடைத்தது? அசோசியேஷன் கொடுத்தது. சரி, பாட்டில் நம்பர்? பாட்டில் இல்லை, அண்டா. அப்படியென்றால் எந்தெந்த ஆட்களுடைய மருந்து அதில் இருக்கிறது? எல்லோருடையதும். கடைசியில், அண்டாவுக்கு லேபிள் ஒட்டியிருக்கிறதா என்று கேட்டார்கள்.

டாக்டர் அண்டாவைத் திருப்பிப் பார்த்தார். "வரதராஜன் - கோமளா திருமணம்" என்று வெட்டியிருந்தது.

அதற்குள் ஐ.என்.ஆர். ரிசல்ட்டைப் பார்த்துவிட்டேன். வால்வு மாற்றியவர்களுக்கு அது மூன்றைச் சுற்றி இருக்க வேண்டும். கன்னியம்மாவுக்கு ஏழைத் தாண்டியிருந்தது. டாக்டர் ரிசீவரை அப்படியே வைத்தார். அவர் நெற்றி வியர்த்து நான் பார்த்தது அன்றுதான். "ஜி.எச்.சுக்குக் கிளம்பு சம்சு. நானும் வரேன்" என்றார்.

வெள்ளை ஷூ வரிசை

எமர்ஜென்சியில் ஓர் இளம் டாக்டரம்மா இருந்தார். கன்னியம்மாவின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, தலைக்கு ஸ்கேன் எழுதினார். "என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டதும் வரதராஜன் சார் அண்டாவை நீட்டினார்.

"இதுல பாதி மஞ்சள், பாதி மாவு மேடம். எது எதுன்னு ஆண்டவனுக்கும் கம்பெனிக்கும்தான் தெரியும். இப்ப கம்பெனிக்கும் தெரியாது."

ஊசி போட்டார்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரையை நிறுத்தினார்கள். நிறுத்தினால் ரத்தம் பழையபடி உறையத் தொடங்கும். அளவு மீறி உறைந்தால் வால்வு அடைத்துக்கொள்ளும். கூடினாலும் உயிருக்கு ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. கத்தி மேல் நடக்கிற வேலை. தேவைப்பட்டால் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும், ஆட்களைத் தயாராக வையுங்கள் என்றார் டாக்டரம்மா.

வரதராஜன் சார் ஒரு போன்தான் போட்டார். தாம்பரத்திலிருந்து ரயில் பிடித்து வாக்கிங் கிளப்பே வந்து இறங்கியது. வெள்ளை கான்வாஸ் ஷூவோடு ரத்த வங்கி வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். சும்மா சொல்லக் கூடாது, ஒருவர்கூடத் தயங்கவில்லை.

அங்கே இருந்த சிஸ்டர் ஒவ்வொருவரையும் உட்கார வைத்துப் பரிசோதித்தார். இவருக்கு பிரஷர், அவருக்கு இன்சுலின், இன்னொருவருக்கு வயது கூடிவிட்டது. ஒருவர் மிச்சமில்லாமல் தள்ளிவிட்டார். எங்கள் கிளினிக்கில் எந்த உடம்புகளை வா வா என்று சேர்த்துக்கொண்டோமோ, அதே உடம்புகளை ரத்த வங்கி வேண்டாம் என்றது. தொப்பை பெரிதாகத் தெரியத் தண்ணீர் குடித்தவர் இப்போது தொப்பையை எக்கிக்கொண்டு நின்றதை என் கண்ணால் பார்த்தேன்.

"நான் நல்லாத்தான சிஸ்டர் இருக்கேன்? என்னை ஏன் வேண்டாங்கிறீங்க?" என்று அவர் கேட்டார். சிஸ்டர் எரிந்து விழவில்லை. பிரஷர் மீட்டரைத் திருப்பிக் காட்டி, "இந்த பிரஷரோட ரத்தம் எடுத்தா நீங்க இங்கயே மயங்கி விழலாம் சார். உங்களுக்குத்தான் ஆபத்து. அதான் வேண்டாங்கிறேன்" என்றார். அவர் தலையாட்டிக்கொண்டு எழுந்தார். அடுத்தவருக்கும் இதே பொறுமை, அதற்கடுத்தவருக்கும் இதே பொறுமை. எங்கள் டாக்டர் சுவரில் சாய்ந்துகொண்டு அதைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

சாயங்காலம் ஸ்கேன் வந்தது. மூளையில் கசிவு எதுவும் இல்லை. ரத்தம் ஏற்றவும் தேவைப்படவில்லை. வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதேன். வரதராஜன் சார் அண்டாவைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தார்.

கன்னியம்மா கேட்டது

கம்பெனி எங்கள் சைட்டை, அதாவது எங்கள் கிளினிக்கில் நடந்த ட்ரயலை, மூடியது. எடுத்த ரத்தம், எழுதிய கணக்கு எல்லாம் செல்லாது என்று கடிதம் வந்தது. சந்தீப் அண்டாவையும் 'மீட்கப்பட்ட மருந்து' என்று எடுத்துப் போகப் பார்த்தான். கல்யாணச் சீர் என்று சொல்லி கோமளா மாமி பிடுங்கிக்கொண்டார். அந்தக் காப்ஸ்யூல் உண்மையில் வேலை செய்கிறதா என்று இன்றும் என்னைக் கேட்பவர்கள் உண்டு. எனக்குத் தெரியாது. கன்னியம்மாவின் ரத்தம் இளகியதற்கு அதுதான் காரணம் என்றுகூட என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அவள் வழக்கமான ஐ.என்.ஆர். பரிசோதனைக்கே பல மாதமாகப் போயிருக்கவில்லை.

டிஸ்சார்ஜ் ஆகிப் பத்து நாள் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க அவள் எங்கள் கிளினிக்குக்கு வந்தாள். அளவு சரியாக இருந்தது. டாக்டர் நிமிர்ந்து, "உக்காருங்கம்மா" என்றார். 'உக்காருங்க' என்று மரியாதையாகக் கேட்டதும் கன்னியம்மா சுற்றும் முற்றும் பார்த்தாள். தன் பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்தாள் போலிருக்கிறது.

உட்கார்ந்து, "ஒண்ணு கேக்கறேன் சார், தப்பா நெனக்காத. இஸ்திரிக்காரின்னுதான அன்னிக்கு வேணான்னு சொன்ன?" என்றாள்.

டாக்டர் பதறிவிட்டார். "ஐயோ, இல்லம்மா. உங்க மாத்திரை ரத்தத்தை இளக்குது. மஞ்சள் மாத்திரையும் இளக்கலாம். ரெண்டும் சேர்ந்தா ரத்தம் நிக்காது, உயிருக்கே ஆபத்து. அதனாலதான்."

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

"இத்த அன்னிக்கே சொல்லிருந்தா, செகரட்டரி அய்யா காலைல காலைல கூப்ட்டு குடுத்தப்போ நானே வேணான்னு இருப்பேனே சார். என் உசுரு மேல எனக்கு ஆச இல்லியா?"

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் நல்ல டிரெயினிங்கோடு வருகிறார்கள். சேர்த்துக்கொள்பவருக்கு எப்படி விளக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறார்கள். நான் சொல்வது சேர்த்துக்கொள்ளாதவரைப் பற்றி. சேர்ந்தவர் அடுத்த மாதம் திரும்பி வருவார். அவருக்கு ஒன்று புரியாமல் போயிருந்தால் அப்போது சொல்லிக்கொள்ளலாம். வேண்டாம் என்று அனுப்புகிறவர் திரும்பி வரமாட்டார். படியிறங்கும்போது அவர் மனதில் என்ன இருக்கிறதோ அதோடுதான் வீட்டுக்குப் போவார். அவரை உட்கார வையுங்கள். காரணத்தைச் சொல்லுங்கள். அதை அவர் வாயால் திருப்பிச் சொன்ன பிறகு அனுப்புங்கள்.